பூட்டுக்காரர் வீட்டுக் கதவு

— திருப்புளியைக் கொடு. அது இல்லை அம்மாடி, சின்னது. மஞ்சள் பிடி போட்டது.

— இந்தாங்க. காலையிலேருந்து பெரிசு கொடு, சின்னது கொடுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பூட்டு மட்டும் அசையற வழியைக் காணோம்.

— அது மக்கர் பண்ணுது, நான் என்ன பண்றது? உள்ளே ஏதோ சிக்கியிருக்கு. அவ்வளவுதான் விஷயம்.

— சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. பேங்க் மேனேஜர் சாவியைத் தொலைச்சுட்டு நின்னப்போ, கொண்டை ஊசி மாதிரி ஒரு கம்பியை விட்டு, அவர் தும்மி முடிக்கறதுக்குள்ளே திறந்து கொடுத்தீங்க. ஊரே பேசிச்சு. நம்ம வாசக்கதவு மட்டும் உங்க பேச்சைக் கேட்க மாட்டேங்குதா?

— டாக்டருக்கு சொந்தப் பொண்டாட்டிக்கு ஊசி போடச் சொன்னா கை நடுங்கும். அந்த மாதிரிதான் இதுவும்.

— நான் தெருக்கோடி வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வரேன்னு செருப்பை மாட்டின நேரம் பார்த்தா அது கெட்டுப் போகணும்?

— நீ தெருக்கோடிக்குப் போனா பாலம் வரைக்கும் போவே. பாலத்துக்குப் போனா ஆஸ்பத்திரி வரைக்கும் போவே. ஒலிபெருக்கி கட்டிக்கிட்டு வண்டியிலே கத்திட்டுப் போனானே, காதுல விழலையா? ஊரடங்கு. சாயங்காலம் சங்கு ஊதற வரைக்கும் யாரும் தலையை வெளியே நீட்டக் கூடாது. பார்த்தா சுடுவாங்களாம்.

— ராத்திரி டியூட்டிக்குப் போன பொண்ணு. விடிஞ்சதும் வந்திருக்கணும். மதியச் சாப்பாடே ஆறி அவலாப் போச்சு. போனும் செத்துக் கிடக்கு.

— பாப்பா நர்ஸும்மா. ஊரெல்லாம் மண்டை உடைஞ்சு வந்து நிக்கறப்போ நர்ஸை வீட்டுக்கு அனுப்புவாங்களா? யார் தலைக்காவது கட்டுப் போட்டுக்கிட்டு இருப்பா. கர்த்தர் பார்த்துப்பார். நீ கவலைப்படாதே.

— நான் எங்கே கவலைப்பட்டேன்? சாப்பாடு ஆறிப் போச்சுன்னுதானே சொன்னேன்.

— அதுதான் எனக்கும் அதிசயமா இருக்கு. வழக்கமா இந்நேரம் உன் கைக்குட்டையைப் பிழிஞ்சா குடம் நிறையும். இன்னைக்கு என்னடான்னா ஊசியும் நூலுமா உட்கார்ந்திருக்கே.

— உங்க சட்டையிலே பொத்தான் தொங்குதேன்னு தைக்கிறேன். பனியனோட தரையிலே படுத்துக்கிட்டுப் பூட்டைக் குடையற மனுஷனுக்குச் சட்டை எதுக்கு? அதான் காலையிலேயே கழட்டி வாங்கினேன்.

— தை, தை. ஆனா பையிலே கையை விட்டுடாதே. ஆணி, திருகாணின்னு ஏதாவது கிடக்கும், குத்திடும்.

— ம்.

— ஜெபம் பண்ணினியா?

— பண்ணினேன்.

— எப்படிப் பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? "ஆண்டவரே, பாப்பாவைப் பாலத்து வழியா கூட்டிட்டு வராதீங்க, அங்கே கூட்டமா இருக்கும். ரயில்வே கேட்டைத் தாண்டி, மாவு மில்லு சந்துல திரும்பி..."

— சிரிக்காதீங்க.

— போன மாசம் மில்லு சந்துல ஒரு சொறி நாய் இருக்கு, பார்த்து வாங்கன்னு அதையும் சேர்த்துக்கிட்டே. நான் ஒரு கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தேன். உலகத்தைப் படைச்சவருக்கு நம்ம தெரு நாயைப் பத்தித் துப்புக் கொடுக்கறே!

— அந்த நாய் உங்களைக் கடிச்சுதா இல்லையா?

— கடிச்சுது.

— அன்னைக்கு நான் சொல்ல மறந்துட்டேன்.

— ஐயோ, உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? ஆனா ஒண்ணு அம்மாடி. நீ கவலையை ஆண்டவர்கிட்ட கொடுக்கற அழகு இருக்கே, அது எதிர்வீட்டுக்கு ஏணி கொடுக்கற மாதிரி. கொடுத்துட்டு இந்தப் பக்கம் திரும்பினதும், வேலை ஆச்சா, கொண்டாங்கன்னு போய் நிப்பே. ஏணி அங்கே ஒரு ராத்திரி தங்கினதா சரித்திரம் கிடையாது.

— ஏணியைப் பத்தி நீங்க பேசாதீங்க. மேல் தாழ்ப்பாள் எங்கே?

— எந்தத் தாழ்ப்பாள்?

— இந்தக் கதவுல இருந்த தாழ்ப்பாள். மேலே பாருங்க, துளை மட்டும் இருக்கு.

— அது... நேத்து பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து அழுதாங்க. தனியா இருக்கற பொம்பளை. கடையிலே ஒரு தாழ்ப்பாள் இல்லை. ஊர்ல கலவரம்னதும் ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க, அலமாரி துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. அதான் நம்மளதைக் கழட்டி அவங்களுக்கு மாட்டிட்டு வந்தேன்.

— ஊருக்கெல்லாம் பூட்டு போட்டவர் வீட்டுல ஒரே ஒரு பூட்டு. அதுவும் இப்போ குடலை வெளியே போட்டுக்கிட்டுக் கிடக்கு.

— ஒரு பூட்டு போதும். நான் போட்ட பூட்டு. யானையே வந்து முட்டினாலும்... ஐயய்யோ!

— என்னங்க அது உருண்டது?

— ஒண்ணுமில்லை. ஸ்பிரிங். துள்ளி விழுந்துடுச்சு. எங்கே போச்சு?

— அலமாரிக்கு அடியிலே போச்சு. எடுக்கட்டுமா?

— விடு, அப்புறம் எடுத்துக்கலாம். அது சும்மா, நாக்கைத் தாங்கிப் பிடிக்கறது. பெரிய விஷயம் இல்லை.

— நாக்கு?

— பூட்டு நாக்கும்மா. நிலைச் சட்டத்துக்குள்ளே போய் உட்காருமே, அந்த இரும்புக் கட்டை. அது உட்கார்ந்தாத்தான் கதவு பூட்டினதா அர்த்தம். உன் நாக்கைத் தாங்கிப் பிடிக்க ஸ்பிரிங்கே தேவையில்லை, அது தானா ஓடும்.

— கேலி பண்ற நேரத்தைப் பாரு! பூட்டைப் பாருங்க.

— பார்த்துக்கிட்டுதானே இருக்கேன். இந்தத் திருப்புளி வேற வழுக்கிக்கிட்டு...

— உஸ்! பேசாதீங்க.

— என்ன?

— வாசல்ல காலடிச் சத்தம். ஒருத்தர் இல்லை, நாலஞ்சு பேர்.

— இந்தப் பக்கம் வா. சுவரோட ஒட்டி நில்லு. என் பின்னாடி வா.

— நேத்து ராத்திரி மூலைக் கடைக் கதவை உடைச்சானுங்களே, அவனுங்களாத்தான் இருக்கும்...

— மெதுவா. மூச்சு விடாதே.

— டேய், இதைத் தட்டுடா.

— இங்கே ஆள் இருக்கானா?

— இது பூட்டுக்காரன் வீடுடா. மேலே போர்டைப் பாரு. ஊருக்கே பூட்டு விக்கறவன் தன் வீட்டுக்கு எத்தனை போட்டு வெச்சிருப்பான்? இதை உடைக்க விடிஞ்சுடும். வா, அடுத்த தெருவுக்குப் போவோம்.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. சத்தம் தேய்ஞ்சுடுச்சு. அம்மாடி, நீ என் கையை விடலாம். வலிக்குது.

— நான் எங்கே பிடிச்சிருக்கேன்? நீங்கதான் என் கையைப் பிடிச்சிருக்கீங்க.

— ஓ. ஆமாம். பார்த்தியா, என் பூட்டு! கையே வைக்கலை, பேரைக் கேட்டதும் ஓடிட்டான்.

— பூட்டுதான் காப்பாத்திச்சா?

— ஆண்டவரும்தான்.

— "உம்"மா? அவரையும் கூடச் சேர்த்துக்கிட்டீங்களே, சந்தோஷம்.

— வாய் தவறி வந்துடுச்சு. ஆண்டவர்தான். ஸ்தோத்திரம். பூட்டு சும்மா ஒரு கருவி.

— அக்கா! அக்கா! பக்கத்து ஜன்னல்கிட்ட வாங்க!

— தையல்காரம்மா கூப்பிடுறாங்க. இருங்க, ஜன்னலைத் திறக்கறேன். என்னம்மா, பத்திரமா இருக்கீங்களா?

— இருக்கேன் அக்கா. பூட்டுக்காரர் போட்ட தாழ்ப்பாள் இருக்கு, உள்ளே தையல் மிஷினையும் தள்ளி முட்டுக் கொடுத்து வெச்சிருக்கேன். அதை விடுங்க. பொய் சொல்லலை அக்கா, மாடியிலே நின்னு பார்த்தேன். பாலத்துகிட்ட ஆஸ்பத்திரி வண்டி ஒண்ணு நிக்குது. ரொம்ப நேரமா நிக்குது. பக்கத்துல ஏதோ எரியுது. உங்க பாப்பா வந்துட்டாளா?

— இன்னும் வரலைம்மா.

— ஐயோ. நான் சொல்லியிருக்கக் கூடாது. பொய் சொல்லலை, அந்த வண்டியாத்தான் இருக்கணும்னு இல்லை. எத்தனையோ வண்டி...

— பரவாயில்லைம்மா. நீங்க ஜன்னலைச் சாத்திக்குங்க. ஏங்க? ஏங்க, என்ன தேடறீங்க? எதுக்கு எல்லாத்தையும் வாரி இறைக்கறீங்க?

— சட்டையைக் கொடு.

— பொத்தான் இன்னும் முடிச்சுப் போடலை.

— சட்டையைக் கொடுன்னு சொல்றேன்ல! நான் போறேன்.

— எங்கே போறீங்க?

— பாலத்துக்கு. வேற எங்கே? எரியுதுன்னு சொல்றாங்க, காதுல விழலையா உனக்கு? என் பொண்ணு அந்த வண்டியிலே இருக்கா. அவளுக்கு நெருப்புன்னா சின்ன வயசுலேருந்து பயம். மெழுகுவத்தி கொளுத்தினாக் கூட என் முதுகுப் பக்கம் வந்து நிப்பா.

— கதவு பூட்டு மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்களே. எப்படிப் போவீங்க?

— மாட்டிக்கலை.

— என்னது?

— பூட்டு மாட்டிக்கலை. நல்லாத்தான் இருக்கு. நீ செருப்பை மாட்டினதைப் பார்த்ததும் நான்தான் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டேன். உன்னைத் தடுத்து நிறுத்த எனக்கு வேற வழி தெரியலை. அப்புறம் சும்மா, உனக்குத் தெரியாம இருக்கறதுக்காக பூட்டைக் கழட்டற மாதிரி... கோவிச்சுக்காதே. திட்டறதா இருந்தா நான் வந்ததும் திட்டு. இப்போ சட்டையைக் கொடு. சாவி அதுல மேல் பையிலே இருக்கு.

— இந்தாங்க சட்டை.

— மேல் பையிலே... இல்லையே. கீழ்ப் பையிலேயும் இல்லை. இங்கேதான் வெச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு. எங்கே போச்சு?

— பையிலே ஆணி இருக்கும், குத்தும்னு சொன்னீங்களே.

— அம்மாடி...

— குத்தலை. சாவிதான் இருந்துச்சு. காலையிலேருந்து என் கையிலேதான் இருக்கு. பாருங்க, உள்ளங்கையிலே அச்சே விழுந்துடுச்சு.

— காலையிலேருந்தா? அப்புறம் ஏன் நீ போகலை?

— போகத்தான் எடுத்தேன். சமையல்கட்டுல பாத்திரம் கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம் வந்தா நீங்க எழுந்து போய்ப் பார்ப்பீங்க, அந்த நேரத்துல ஓடிடலாம்னு திட்டம் கூடப் போட்டேன். சத்தம் போடாம உங்க பின்னாடி வந்து நின்னேன். நீங்க கதவோட நெத்தியை முட்டிக்கிட்டு முணுமுணுன்னு பேசிக்கிட்டு இருந்தீங்க.

— கேட்டுட்டியா?

— "ஆண்டவரே, ரெண்டு பேர்ல ஒருத்தியை நான் பூட்டி வெச்சுட்டேன். இன்னொருத்தியை நீங்க பார்த்துக்குங்க." இப்படி ஒரு ஜெபத்தை நான் எந்தச் சபையிலேயும் கேட்டதில்லை.

— எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

— முந்தானையை வாயிலே வெச்சு அடைச்சுக்கிட்டு சமையல்கட்டுக்குப் போய்ச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் அழுகை வந்துச்சு. இந்த மனுஷன் எனக்கு எத்தனை தடவை நம்பிக்கையைப் பத்தி உபதேசம் பண்ணியிருக்கார், கடைசியிலே பாதியைத்தானே அவர்கிட்ட கொடுத்திருக்கார்னு நினைச்சேன். அப்புறம் என் கையைப் பார்த்தேன். சாவி இருக்கு. நான் மட்டும் என்ன கிழிச்சுட்டேன்? பாப்பாவைப் பார்த்துக்குங்கன்னு வாயாலே சொல்லிட்டு, எனக்குன்னு ஒரு சாவியைக் கையிலே வெச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— அப்புறம்?

— அப்புறம் அந்த அடுப்புத் திண்டுல முழங்கையை ஊன்றிக்கிட்டு சொன்னேன். அவளையும் நீங்களே வெச்சுக்குங்க, இவரையும் நீங்களே வெச்சுக்குங்க, என்னையும் சேர்த்து வெச்சுக்குங்க. எந்த வழியா கூட்டிட்டு வரணும்னு நான் சொல்லப் போறதில்லைன்னு சொன்னேன்.

— வழி சொல்லலையா?

— சொல்லலை. நாக்கு நுனி வரைக்கும் மில்லு சந்து வந்துச்சு. முழுங்கிட்டேன்.

— நாயையுமா?

— நாயையும்தான். ஆமென் சொல்லிட்டு வந்து ஊசியிலே நூலைக் கோத்தேன். பயம் போயிடுச்சான்னு கேட்டா, போகலைங்க. இதோ இங்கே இருக்கு, நெஞ்சுக்கு நடுவுல. ஆனா அது பாட்டுக்கு ஒரு மூலையிலே உட்கார்ந்திருக்கு. என்னை இழுத்துக்கிட்டு ஓடலை.

— அப்போ காலையிலேருந்து நான் இந்தப் பூட்டோட நாடகம் ஆடினதைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தியா? பெரிசு கொடு, சின்னது கொடுன்னு கேட்டப்போ எல்லாம் எடுத்துக் கொடுத்தியே?

— உங்களுக்கு ஒரு வேலை வேணும்ங்க. கை சும்மா இருந்தா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. எனக்குத் தெரியாதா? நீங்க எனக்காகப் பூட்டினீங்க, நான் உங்களுக்காக வாயைப் பூட்டிக்கிட்டேன்.

— சரி. நீ ஜெயிச்சே. இப்போ சாவியைக் கொடு.

— சங்கு ஊதட்டும்.

— அம்மாடி, அங்கே எரியுது!

— எரியறதை நீங்க போய் அணைக்க முடியாது. தெருவுல அவனுங்க நிக்கறானுங்க. அடுத்த பக்கம் துப்பாக்கியோட போலீஸ்காரங்க நிக்கறாங்க. பாப்பா வந்து கதவைத் தட்டும்போது, அப்பா எங்கேம்மான்னு கேட்டா நான் என்ன சொல்றது? உன்னைத் தேடிட்டுப் போனார்னா? உட்காருங்க.

— என்னால முடியலைம்மா.

— தெரியும்.

— ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலேயும் நின்னு கவலைப்படாதீங்கன்னு சத்தமாச் சொல்வேன். எல்லாரும் தலையை ஆட்டுவாங்க. இப்போ என் முழங்கால் ரெண்டும் கூழாப் போச்சு.

— கூழாப் போனா நல்லதுதான். மண்டி போடச் சுலபமா இருக்கும். வாங்க, என் பக்கத்துல. இந்தக் கையைக் கொடுங்க. இந்தத் தடவை ஒருத்தியை மட்டும் இல்லை, மூணு பேரையும் சேர்த்து அவர்கிட்ட கொடுங்க.

— நீ சொல்லு.

— நான் சொல்லிட்டேன். இப்போ உங்க முறை.

— ஆண்டவரே. நான் பூட்டி வெச்சதும் உங்களுடையவதான். வெளியிலே இருக்கறவளும் உங்களுடையவதான். என் கையிலே ஒண்ணும் இல்லை. சாவி கூட இவகிட்ட இருக்கு. பாப்பா பயப்படாம இருக்கட்டும். அந்த நெருப்புக்கும் அவளுக்கும் நடுவுல நீங்க நில்லுங்க, என் முதுகு இங்கே இருக்கு. அவளைப் பாலத்துப் பக்கம் விடாம, ரயில்வே கேட்டைத் தாண்டி, மில்லு சந்து வழியா...

— ஏங்க.

— என்ன?

— நாயை விட்டுட்டீங்க.

— போ அம்மாடி! ஜெபத்துல சிரிக்க வைக்காதே. ஆமென். எல்லாத்துக்கும் சேர்த்து ஆமென்.

— ஆமென். கண்ணைத் துடைச்சுக்குங்க. இந்தாங்க, முந்தானை.

— சட்டையைக் கொடு. அந்தப் பொத்தானை முடிச்சுப் போட்டுட்டே கொடு. அவசரம் இல்லை.

— அவசரம் இல்லைன்னு நீங்களா சொல்றீங்க?

— சொல்லிப் பார்த்தேன். நிஜமான்னு எனக்கே தெரியலை. பக்கத்துலேயே உட்காரு.

— உட்கார்ந்துதான் இருக்கேன்.

— இன்னொரு முடிச்சுப் போடு. மறுபடியும் தொங்கிடப் போகுது.

— ஏங்க! சங்கு!

— ஆமாம். சங்குதான். ஊதிட்டாங்க!

— அம்மா! அப்பா! உள்ளே இருக்கீங்களா?

— பாப்பா குரல்! ஏங்க, பாப்பா!

— கேட்டேன், கேட்டேன்! எங்கேயாவது அடிபட்டிருக்கா கண்ணு?

— ஒண்ணும் இல்லைப்பா. ஆஸ்பத்திரி வண்டியிலேயே எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. பாலத்துகிட்ட டயர் போட்டு எரிச்சுட்டு இருந்தாங்க, கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் எங்களை வண்டிக்குள்ளேயே உட்கார வெச்சுட்டாங்க. அப்புறம் மில்லு சந்து வழியா சுத்தி வந்து தெருமுனையிலே இறக்கி விட்டாங்க.

— எந்தச் சந்து?

— மில்லு சந்தும்மா. ஏன் ரெண்டு பேரும் சிரிக்கறீங்க? நான் வெளியே நிக்கறேன்!

— இதோ, இதோ. அம்மாடி, சாவி! சீக்கிரம்!

— இந்தாங்க.

— சுத்த மாட்டேங்குதே.

— திரும்பவும் ஆரம்பிச்சுட்டீங்களா?

— இல்லைம்மா, நிஜமா! சாவி உள்ளே சும்மா சுத்துது, ஒண்ணும் பிடிக்கலை. அந்த ஸ்பிரிங்! அலமாரிக்கு அடியிலே போச்சே, அதை எடு. கையை விட்டுத் துழாவு. பாப்பா, அங்கேயே நில்லு கண்ணு! தெருவுல யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்க. கதவு பூட்டியிருக்கு. சாவி பிடிக்க மாட்டேங்குது. அப்பா இப்போ திறந்துடறேன், கொஞ்சம் பொறு!

— எங்கேப்பா பூட்டியிருக்கு? நான் கையை வெச்சு லேசாத் தள்ளினதுமே திறந்துக்கிச்சே. ஊர் இருக்கற இருப்புல, காலையிலேருந்து சும்மா கதவைச் சாத்தி வெச்சுக்கிட்டா ரெண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தீங்க?